மில் ஓடும்போது வந்த சத்தம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கையில் இருப்பது உடையும். கையில் ஒன்றும் இல்லையென்றால் எதிரில் இருப்பது உடையும். இருபத்தொன்பது வயதுக்குள் ஒரு சைக்கிள் ரிம்மை உடைத்திருக்கிறேன், கம்ப்யூட்டர் கீபோர்டு இரண்டை உடைத்திருக்கிறேன், சித்தப்பா மகனின் முன்பல் ஒன்றையும் உடைத்திருக்கிறேன். இவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று தெருவில் என் காதுபடவே பேசினார்கள். அதற்கும் கோபம் வரும். ஆனால் அவர்கள் சொன்னது சரி.

என் பெயர் கோவிந்தராசு. விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டை ஒட்டிய தெருவில் வீடு. பொம்மைக்குப் பிசிறு எடுப்பது என் வேலை. அச்சிலிருந்து வந்த பொம்மை காய்ந்ததும், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு தடித்து நிற்கும். அதை உடைந்த ஹாக்சா பிளேடால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். மயில், யானை, பிள்ளையார் என்று எது வந்தாலும் எனக்கு அந்தக் கோடுதான் கண்ணில் படும். சுரண்டச் சுரண்ட மாவு மாதிரி மண் பறக்கும். முடி, புருவம், சோற்றுத்தட்டு எல்லாவற்றிலும் படியும். இந்த ஊரில் வெள்ளை படியாத பொருளை யாராவது காட்டினால்தான் ஆச்சரியம்.

அதே அறையில், பிசிறு எடுக்கும் மேசைக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரமாக என் கம்ப்யூட்டர். நெய்வேலியில் ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய பெட்டி. திருட்டு விண்டோஸைப் போட்டேன், மூன்று மாதத்தில் வைரஸ் தின்றுவிட்டது. அப்புறம்தான் லினக்ஸ் என்று ஒன்று இருப்பதைப் எங்கள் ஊர்ப் பாலக்கரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் படித்தேன். விலாசம் எழுதி அனுப்பினால் வெளிநாட்டிலிருந்து சிடி சும்மாவே வந்தது. "சும்மா குடுக்கறான்னா உள்ள என்னமோ இருக்குதுய்யா" என்று தபால்காரர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உள்ளே இருந்தது எனக்கு வேண்டியதெல்லாம். பாட்டைப் பதிவு செய்ய, மெட்டுக்குத் தாளம் சேர்க்க, குரலைத் தூக்க, இறக்க. சத்தம் மட்டும் வரவில்லை. இரண்டு வாரம் ஸ்பீக்கரில் ஊமை. இரண்டாவது கீபோர்டு அந்தக் கோபத்தில்தான் போனது. கடைசியில் பார்த்தால் சவுண்ட் கார்டின் வாயைக் கம்ப்யூட்டரே அடைத்து வைத்திருந்தது. ஒரு கட்டளை அடித்து, வரும் பட்டியலில் 'எம்' பட்டனை ஒருமுறை தட்டினால் திறந்துவிடும். அந்த 'எம்' பட்டனைத் தட்ட, நான் புதுக் கீபோர்டு வாங்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் யாருக்காக என்றால், என் தங்கை துர்காவுக்காக.

துர்கா நன்றாகப் பாடுவாள் என்று நான் சொன்னால் அண்ணன் சொல்கிறான் என்பீர்கள். நெய்வேலியில் மெல்லிசைக் குழு வைத்திருக்கும் ஒருவர் ஒரு கல்யாணத்தில் அவள் பாடியதைக் கேட்டுவிட்டு, சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து வந்தார். அவர் குழுவில் பாடும் பெண் கல்யாணமாகி வெளியூர் போகிறாள். மாசித் திருவிழாவுக்கு முன்னால் புது ஆள் வேண்டும். இரண்டு பாட்டு நன்றாகப் பதிவு செய்து, பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் சிடியாகக் கொடுத்தால் போதும் என்றார். அது 2008, பொங்கல் முடிந்த வாரம்.

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் துர்கா எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது மட்டும் நடந்துட்டா போதும்ணா" என்றாள். அப்போதே முடிவு செய்தேன், குறுக்கே எவன் வந்தாலும் விடுவதில்லை என்று.

குறுக்கே வந்தது அவள் புருஷன் விருத்தகிரியின் மில். நான் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப்புறம், அவர்கள் வீட்டை ஒட்டி, அவருடைய கொட்டகை. உள்ளே ஆள் உயர இரும்பு உருளை படுத்தவாக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் கூழாங்கல், கல்மாவு, தண்ணீர். பன்னிரண்டு மணிநேரம் சுற்றினால் பொம்மைக்கும் பீங்கானுக்கும் மேலே பூசுகிற பளபளப்புக் கலவை கிடைக்கும். விருத்தகிரி அதிகம் பேசாதவர், அதட்டாதவர். ஆனால் ஒன்று சொல்லிவிட்டால் அதிலேயே நிற்பார். துர்கா பாடப் போகும் விஷயத்தில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"மேடையில நின்னு பாடறதெல்லாம் நம்ம வூட்டுக்கு ஒத்து வராதுங்க மச்சான். அவ ஆசப்படறா, நான் தடுக்கல. ஆனா எனக்குப் புடிக்கல."

அவ்வளவுதான் சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

துர்கா தினமும் மூன்று மணிக்கு வருவாள். ஒரு மணிக்குப் புருஷனுக்கும் மில் ஆட்கள் இருவருக்கும் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, அதற்கப்புறம்தான் அவளுக்கு நேரம். மில் உறுமல் மைக்கில் ஏறாமல் இருக்க ஜன்னலைச் சாத்தி, சாக்கை மடித்து ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். உறுமல் பெரும்பாலும் அடங்கியது. பாட ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில், ஹெட்போனில், 'டிக்'.

நகம் வெட்டும்போது வருகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி டிக். சில சமயம் ஒரு பாட்டில் ஒன்று, சில சமயம் ஏழு.

மைக்கிலிருந்து வரும் சத்தத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க ஜாக் என்று ஒரு புரோகிராம் லினக்ஸில் உண்டு. ஒரு துண்டை வாங்கி வைப்பதற்குள் அடுத்த துண்டு வந்துவிட்டால் கம்ப்யூட்டர் கோட்டை விட்டுவிடும். கோட்டை விட்ட இடத்தில் பாட்டில் டிக். எத்தனை தடவை விட்டது என்று ஜாக் சிவப்பு எண்ணில் காட்டும். துண்டைப் பெரிசாக்கினேன். பாட்டுப் புரோகிராமுக்கு முன்னுரிமை கிடைக்கும்படி ஃபைலைத் திருத்தினேன். வேறு எந்தப் புரோகிராமும் சவுண்ட் கார்டைத் தொடாதபடி எல்லாவற்றையும் நிறுத்தினேன். கார்டைக் கழற்றி வேறு பொந்தில் சொருகினேன். டிக் போகவில்லை.

பிரவுசிங் சென்டருக்குப் போய், இப்படிப் பாட்டுச் செய்கிறவர்கள் எழுதும் ஒரு மெயில் கூட்டத்துக்கு எழுதினேன். மறுநாள் எவனோ ஒருவன் இரண்டே வரியில் பதில் போட்டிருந்தான். பிராசசர் எவ்வளவு சூடாகிறது, அதன் ஃபேனை எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று. நான் நான்கு பக்கத்துக்கு விளக்கி எழுதினால், என் பெட்டியைக் கண்ணால் பார்க்காதவன் என் பெட்டி அழுக்கு என்கிறான். பிரிண்ட் எடுத்த தாளைச் சுக்கு நூறாகக் கிழித்துப் பாலக்கரையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம்தான் அந்த விஷயத்தைக் கவனித்தேன். ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை, சாப்பாட்டு நேரத்தில், மில் நிற்கும். நானும் ஜன்னலைத் திறந்துவிட்டு வேலை பார்ப்பேன். அந்த ஒரு மணிநேரத்தில் டிக் வருவதே இல்லை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதி வைத்துப் பார்த்தேன். மில் நின்றால் சிவப்பு எண் அசையாது. மில் ஓடினால் ஏறும்.

இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? மோட்டார் கரண்ட்டை இழுக்கிறது, கார்டு தடுமாறுகிறது. இந்தத் தெருவில் டிவியில் கோடு விழுந்தாலும் பல்பு மினுக்கினாலும் எல்லாரும் மில்லைத்தான் திட்டுவார்கள். நானும் திட்டினேன்.

கொட்டகைக்குப் போய் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். "மாப்ள, உங்க மில்லு ஓடுனா பாட்டு நடுவுல டிக்குனு சத்தம் வருது. மூணு மணிக்கு ஒரு மணி நேரம் மில்ல நிறுத்துங்க. ஒரு வாரம் போதும்."

"முடியாதுங்க மச்சான். அரவையில பாதியில நிறுத்துனா கல்மாவு அடியில உக்காந்துக்கும். திரும்பக் கெளப்பறப்ப மோட்டாரு திணறுது. மத்தியானம் ஒருவாட்டி நிறுத்தறதே பயந்து பயந்துதான்."

"சோத்துக்கு நிறுத்தறீங்க. பொண்டாட்டி பாட்டுக்கு நிறுத்த மாட்டீங்களா?"

அவர் லேசாகச் சிரித்தார். "ஒரு சத்தம் நடுவுல வந்தா என்னங்க, பாட்டு கேக்கறவனுக்கு அது தெரியவா போவுது?"

அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் அதையே மென்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை, அதனால் வேண்டுமென்றே ஓட்டுகிறார். தடுக்க மாட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டு மில்லால் தடுக்கிறார். நான் யோசிக்க யோசிக்க அது உண்மையாகிக்கொண்டே வந்தது.

மூன்றாம் நாள் துர்கா தன் வாழ்க்கையிலேயே இல்லாத அளவுக்கு நன்றாகப் பாடினாள். மெட்டு என்னுடையது. இவ்வளவு பெரிய மெட்டா இது என்று எனக்கே தோன்றியது. கடைசிச் சரணத்தில் ஒரு நீண்ட சுரம் உண்டு. கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பிடித்து, ஏறிக்கொண்டே போனாள். அது உச்சிக்குப் போன இடத்தில், நட்டநடுவில், டிக்.

ஹெட்போனைக் கழற்றித் தரையில் அடித்தேன். இரண்டாகப் போனது. வாசலைத் தாண்டும்போதே துர்கா பின்னால் ஓடிவந்தாள். "ண்ணா, வேணாம்ணா. இன்னொருவாட்டி பாடறேன். வேணாம்ணா."

கொட்டகைக்குள் நுழைந்து மெயின் சுவிட்சை இறக்கினேன். உருளை முனகிக்கொண்டே நின்றது. விருத்தகிரி வந்து மெயினை ஏற்றினார். நான் மறுபடி இறக்கினேன். அவர் மறுபடி ஏற்றினார். இப்படி இரண்டு தடவை. மூன்றாவது தடவை நான் சுவிட்சை விட்டுவிட்டு அவர் மூக்கில் அடித்தேன். எலும்பு நகர்ந்தது என் விரல்முட்டியில் தெரிந்தது.

"மச்சான், சொல்றதக் கேளுங்க," என்றார். மூக்கிலிருந்து வந்த ரத்தம் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அப்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். அது எனக்கு இன்னும் வெறியை ஏற்றியது. "டேய், வேணும்னேதானடா ஓட்டுற" என்று வயிற்றில் உதைத்தேன். குனிந்தவரை நிமிர்த்தி மறுபடி முகத்தில் அடித்தேன். அவருடைய ஆட்கள் இருவர் ஓடிவந்து என்னைப் பிடித்தார்கள், உதறினேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் திருப்பி அடிக்கவே இல்லை. நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து முழுப் பலத்தோடு தள்ளினேன்.

கொட்டகைத் தரையில் எப்போதும் கலவை சிந்தி வழவழவென்று இருக்கும். அவர் கால் சறுக்கியது. விழாமல் இருக்க வலது கையை நீட்டி எதையோ பிடிக்கப் பார்த்தார். மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவில் ஓடும் பெல்ட்டின் மேல் கை விழுந்தது. பெல்ட் அந்தக் கையை இரும்புச் சக்கரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

மனிதன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மெயினை இறக்கு, மெயினை இறக்கு என்று நானும் கத்தினேன். இரண்டு தடவை என் கையால் இறக்கிய சுவிட்ச் அப்போது எந்தச் சுவரில் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. துர்காதான் பாய்ந்து இறக்கினாள். உருளை உடனே நிற்காது. உள்ளே கல் உருண்டு ஓய்கிற வரைக்கும் அவர் கை சக்கரத்துக்குள்ளேயே இருந்தது. கல்மாவுக் கலவை சிந்திய தரையில் ரத்தம் ஓடி ரோஸ் கலராகப் பரவியது.

விருத்தாசலத்தில் கட்டுப்போட்டு, புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் விருத்தகிரி, "ஈரத்துல சறுக்கிட்டேங்க," என்று மட்டும் சொன்னாராம். என் பெயரே அவர் வாயில் வரவில்லை.

அவர் அண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பெண்ணாடத்திலிருந்து டிராக்டரில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்தான். தெருவில் போட்டு மிதித்தார்கள். நான் கை தூக்கவில்லை. அது நியாயம் என்று நினைத்து இல்லை, உடம்பு எழவில்லை. இடது பக்கம் ஒரு விலா எலும்பில் விரிசல். போகும்போது வீட்டின் மேல் கல்லெறிந்தார்கள். மறுநாளும் ஒரு கல் வந்தது. அதனால் ஜன்னலைச் சாத்தி, சாக்கைத் தொங்கவிட்டு, உள்ளேயே கிடந்தேன்.

அந்த நிலையிலும் எனக்குள் ஒரு மூலையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தள்ளியது தப்பு. ஆனால் காரணம் சரி. மில்தானே பாட்டைக் கெடுத்தது? அவர் நிறுத்தியிருந்தால் இது நடந்திருக்குமா? இதைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் சோறு தின்றேன்.

ஏழாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. துர்கா வரமாட்டாள் என்று தெரியும். இருந்தாலும் முதல் பாட்டுக்குத் தாளத்தையாவது சரிசெய்து வைப்போம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். மில் ஓடவில்லை. அது சுற்றாத தெருவில் பக்கத்துவீட்டுக் குழாய்த் தண்ணீர் விழுவதுகூடக் கேட்டது. பழைய ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு தாளத்தைத் தட்டிப் பதிவு செய்தேன்.

பத்து நிமிஷம் போயிருக்கும். டிக்.

காதை நம்பாமல் திரையைப் பார்த்தேன். சிவப்பு எண் ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு. பிறகு ஐந்து.

எழுந்து சுவரில் காதை வைத்தேன். அந்தப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்தப்புறம் சத்தம் வராமல் செய்தவனே நான்தானே. திரும்பி வந்து உட்கார்ந்தால் எண் ஒன்பது. மில் நிற்கும்போது வராது, ஓடும்போது வரும் என்று நான் எழுதிவைத்த தாள் மேசையில் இருந்தது. அதில் நான் எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. மில் நிற்கும்போது நான் ஜன்னலைத் திறப்பேன். மில் ஓடும்போது சாத்துவேன்.

கல் விழுந்தாலும் விழட்டும் என்று ஜன்னலைத் திறந்தேன். சாக்கைக் கழற்றினேன். தை மாதத்துக் காற்று உள்ளே வந்தது. கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் எண் ஏறுவது நின்றிருந்தது. சாத்தினேன். ஏறியது. திறந்தேன். நின்றது. சாயங்காலம்வரை இதையே செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு பதில் வராதா என்று பார்த்தேன்.

பெட்டியின் பக்கத் தகடு வாங்கிய நாளிலிருந்து கழற்றித்தான் கிடந்தது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று நான்தான் கழற்றினேன், திறந்த பக்கம் பிசிறு எடுக்கும் மேசையைப் பார்த்து இருந்தது. பிராசசரின் மேல் இருக்கும் ஃபேனை நெம்பி எடுத்தேன். அதன் அடியில் சூட்டை இழுக்க அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். ஒரு பல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. எல்லாம் அடைந்து, ஒரே வெள்ளைக் கட்டி. ஸ்க்ரூடிரைவரால் கிளறித் தினசரிப் பேப்பரில் கொட்டினேன். இரண்டு கை நிறைய மண். நன்றாகக் குழைத்தால் சின்னதாக ஒரு மயில் பண்ணலாம்.

மில்லில் நடப்பது ஈர அரவை. அங்கே தூசி பறக்காது. இது நான் சுரண்டிச் சுரண்டிப் பறக்கவிட்ட மண். அறையைச் சாத்தினால் பெட்டி கொதிக்கும். கொதித்தால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் கோட்டை விடும். அந்த முகம் தெரியாத ஆள் இரண்டு வரியில் கேட்டது இதைத்தான். குனிந்து உட்கார்ந்து, தகடுகளுக்கு நடுவில் மிச்சமிருந்த மண்ணையும் ஊதி ஊதி எடுத்தேன். விரிசல் விட்ட விலா எலும்பு உயிர்போகிற மாதிரி வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது.

ஃபேனைப் பொருத்தி, எல்லாவற்றையும் சாத்தி, சாக்கையும் போட்டு ஓடவிட்டேன். சிவப்பு எண் கடைசிவரை பூஜ்யத்திலேயே நின்றது.

மறுநாள், வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்கு துர்கா வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அவரு போகச் சொன்னாரு. பாதியில நிக்குது, முடிச்சிட்டு வான்னாரு."

பாடினாள். இரண்டு பாட்டையும் ஒரே மூச்சில். அந்த நீண்ட சுரத்தில் முன்பு இருந்த சந்தோஷம் இப்போது இல்லை. ஆனால் குரல் கொஞ்சமும் பிசகவில்லை. எண் பூஜ்யம். போட்டுக் காட்டினேன், கடைசிவரை கேட்டாள்.

"அந்தச் சத்தம் வரலியே."

"வரல."

"எப்படி?"

"மில்லுதான் ஓடலியே," என்றேன்.

பொய் தானாக வந்தது. யோசிக்கவே இல்லை. அவள் தலையாட்டினாள். சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அவரும் அதான் சொல்றாரு. என் மில்லாலதான் உன் பாட்டு கெட்டுச்சு, உங்க அண்ணன் வந்து சொன்னப்ப நான் சிரிச்சிட்டேன், அவரு அடிச்சது தப்பு, ஆனா கோவப்பட்டது நியாயந்தானேன்னு. அதுக்காவத்தான் கேஸ் வேணாம்னுட்டாரு. அவங்க அண்ணன் எவ்ளோ கத்தியும் கேக்கல."

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஜெயில் பயம் எனக்கும் உண்டு. ஆனால் மூன்று விரல் போன ஆள், அதில் பாதித் தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் படுத்திருக்கிறார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. மேசைக்கு அடியிலிருந்து, மண்ணைக் கொட்டி வைத்திருந்த பேப்பரை இழுத்து அவள் முன்னால் விரித்தேன்.

துர்கா கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் இதே மேசையில் பிசிறு எடுத்தவள். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தாள். "பொம்ம மண்ணு," என்றாள். "இத எதுக்கு எனக்குக் காட்டற?"

"பெட்டிக்குள்ள இருந்துச்சு. ஃபேனுக்கு அடியில. அதான் சத்தம். மில்லு இல்ல."

"மில்லு நின்னப்பறமும் வந்துச்சா?"

"வந்துச்சு. நேத்து."

விரலில் ஒட்டிய மண்ணைப் பேப்பரிலேயே உதறினாள். பிறகு எழுந்து என் கன்னத்தில் அறைந்தாள். மறுகையால் மறு கன்னம். நான் அசையாமல் நின்றேன். அது அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை. முடியைப் பிடித்து இழுத்துத் தலையைச் சுவரில் மோதினாள். விரிசல் விட்ட விலாவில் முழங்காலால் இடித்தாள். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். மேசையில் காய்ந்து வரிசையாக நின்ற பொம்மைகளை ஒரே வீச்சில் தள்ளினாள். சூளை காணாத மண், விழுந்ததும் தூளாகிவிட்டது. தூளானவற்றையும் மிதித்தாள். மூச்சு வாங்கியது. "மூணு விரலுடா," என்றாள். "உன் பெட்டியத் தொறந்து பாக்கறதுக்கு மூணு விரலுடா." என் தங்கை என்னை 'டா' போட்டது அன்றுதான்.

கம்ப்யூட்டரை மட்டும் தொடவில்லை. அதில் அவள் பாட்டு இருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சிடி போடு," என்றாள்.

"துர்கா..."

"போடுன்னா போடு. ஞாயித்துக்கெழம நானே நெய்வேலிக்குப் போறேன். பாடத்தான் போறேன். அந்தக் கையால இனிமே அவரு மில்ல வெச்சி நடத்த முடியாது. மேடைன்னா மேடை, போய்ப் பாடுன்னு நேத்து அவரே சொல்லிட்டாரு."

அவளுக்கு எது நடக்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேனோ அது நடந்துவிட்டது. புதுச் சிடியைச் சொருகிப் பட்டனைத் தட்டினேன். பெட்டி சுற்ற ஆரம்பித்தது.

"வெள்ளத் தாளும் பேனாவும் குடு," என்றாள்.

கொடுத்தேன். பிசிறு மேசையைக் கையாலேயே துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அனுப்புநர் என்று எழுதி, துர்கா, க/பெ. விருத்தகிரி என்று எழுதினாள். பெறுநர் என்று எழுதி, காவல் நிலையம் என்று எழுதினாள். அவள் தோளுக்கு மேலாக நான் படித்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்குத் தெரியுமா?" என்றேன்.

"போயி சொல்லுவேன். இந்த மண்ணையும் எடுத்துட்டுப் போயி காட்டுவேன். அவரால எழுத முடியாது, நான்தான எழுதணும்." தலையைத் தூக்காமல் கேட்டாள், "அன்னிக்கி எத்தன மணிக்கு அங்க போன?"

"மூணு அம்பது. பதிவு அந்த நேரத்துல நின்னிருக்குது."

எழுதிக்கொண்டாள். முதலில் எங்கே அடித்தாய், எத்தனை அடி, உதைத்தது முன்னாலா பின்னாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு இடத்தில்கூடப் பொய் சொல்லவில்லை. அடித்தவர் பெயர் என்ற இடம் வந்தபோது கோவிந்தராசு என்று எழுதினாள். பக்கத்தில் த/பெ. என்று போட்டாள். பேனா நின்றது. எங்கள் அப்பா பெயர் தங்கதுரை. கல்யாணத்துக்கு முன்னால் ஸ்கூலிலும் ரேஷன் கார்டிலும் அவள் பெயருக்குப் பக்கத்திலும் அதே பெயர்தான் இருந்தது. அவள் உதடு கோணியது. தாளில் ஒரு சொட்டு விழுந்தது, அதை ஒற்றி எடுத்துவிட்டு, தங்கதுரை என்று எழுதினாள்.

சிடி வெளியே வந்தது. அதைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். மனுவை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மண் பொட்டலத்தையும் சிடியையும் எடுத்துக்கொண்டு வாசல் வரை போனாள்.

"எங்கயும் ஓடிடாத," என்றாள். "போலீஸு வர்ற வரைக்கும் இங்கயே இரு."

"இருக்கேன்," என்றேன்.